நிலம் யாருடையது, கனிமம் யாருடையது, ஆய்வுக்கு அனுமதி தருவது யார்?

வயலில் கம்பி இழுத்து, வரப்போரமாகத் துளையிட்டு, தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு குழு வந்து இறங்கினால், காவிரிப் படுகை ஊர்களில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "பட்டா என் பெயரில் இருக்கிறது, கீழே எண்ணெய் இருந்தால் அதில் எனக்குப் பங்கு உண்டு" என்பது ஒன்று. "தரைக்குக் கீழே இருப்பதெல்லாம் சர்க்காருடையது, நாம் கேள்வியே கேட்க முடியாது" என்பது இன்னொன்று. அமெரிக்காவில் தோட்டத்தில் எண்ணெய் கிடைத்துக் கோடீஸ்வரரான குடும்பங்களைப் பற்றிய காணொளிகள் முதல் பேச்சுக்குத் தெம்பு ஊட்டுகின்றன. அரசு அலுவலகங்களில் கிடைக்கும் அரைகுறைப் பதில்கள் இரண்டாவது பேச்சை உறுதிப்படுத்துகின்றன. இரண்டுமே பாதி சரி, பாதி தவறு. தனித்தனியான மூன்று உரிமைகளை ஒன்றாகக் குழைத்துப் பேசுவதால் வரும் குழப்பம் இது.

## மாந்தோப்பில் மூன்று பேச்சு

ஒருவருக்கு மாந்தோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பருவத்துக் காய்ப்பை அவர் ஒரு வியாபாரிக்குக் குத்தகைக்கு விடுகிறார். தோப்பு அவருடையதாகவே இருக்கிறது, காய் மட்டும் வியாபாரியுடையதாகிறது. காய் பறிக்க வியாபாரி தோப்புக்குள் வந்துதான் ஆக வேண்டும். வந்தவர் கிளையை முறித்தாலோ ஊடுபயிரை மிதித்தாலோ அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. ஆனால் இந்தக் குத்தகை பேசி முடிவதற்கு முன்பே, பூ எப்படி இறங்கியிருக்கிறது, எத்தனை மரம் தேறும் என்று மதிப்புப் போட வியாபாரி ஒருமுறை தோப்பைச் சுற்றிப் பார்த்திருப்பார். அப்படிச் சுற்றிப் பார்க்க விட்டதாலேயே தோப்புக்காரர் காயை விற்றுவிட்டதாக யாரும் சொல்லமாட்டார்கள்.

நிலத்தடி வளத்திலும் இதே மூன்று பேச்சுதான் இருக்கிறது. தரையை உழுது, வீடு கட்டி, விற்று, அடகு வைத்து அனுபவிக்கும் உரிமையை மேற்பரப்பு உரிமை எனலாம். தரைக்கு அடியில் உள்ள எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, உலோகத் தாது போன்றவற்றை எடுத்துக்கொள்ளும் உரிமை கனிம உரிமை. எதுவும் எடுக்காமல், கீழே என்ன இருக்கக்கூடும் என்று கருவிகள் கொண்டு பார்ப்பதற்கான இசைவு ஆய்வு அனுமதி. இந்த மூன்றும் ஒருவரிடமே இருக்கலாம், மூன்று பேரிடம் பிரிந்தும் இருக்கலாம். ஒன்றைக் கொடுத்தால் மற்றது தானாகக் கைமாறிவிடாது.

தோப்பு உவமை ஓர் இடத்தில் பொருந்தாது. மாங்காயை விற்பவர் தோப்புக்காரரே. கனிமத்தை விற்பவர், அல்லது எடுக்க உரிமம் கொடுப்பவர், நிலத்துக்காரராக இல்லாமல் போகலாம். நாட்டுக்கு நாடு சட்டம் பெரிதாக வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

## ஆய்வில் உண்மையில் நடப்பது

நில அதிர்வு ஆய்வு என்பது தரைக்குள் ஒரு சிறு அதிர்வை அனுப்பி, அது பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை அளப்பது. நிலத்தடியில் களிமண் பாறை, மணற்பாறை, சுண்ணாம்புப் பாறை என அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஓர் அடுக்கின் அடர்த்தியும், அதில் அதிர்வு பயணிக்கும் வேகமும் அடுத்த அடுக்கில் மாறும்போது, அந்த எல்லையில் அதிர்வின் ஒரு பகுதி மேல்நோக்கித் திரும்புகிறது, மீதி கீழே செல்கிறது. இப்படித் திரும்புவதுதான் எதிரொலிப்பு.

கணக்கு எளிமையானது. அதிர்வு கீழே போய்த் திரும்ப 2 வினாடி ஆகிறது, வழியிலுள்ள பாறைகளில் அதன் சராசரி வேகம் வினாடிக்கு 3,000 மீட்டர் என்றால், அது கடந்த மொத்தத் தொலைவு 6,000 மீட்டர். போக ஒரு பாதி, வர ஒரு பாதி என்பதால் அந்த அடுக்கு 3,000 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. இந்தப் போகவர ஆகும் நேரத்தை இருவழிப் பயண நேரம் என்பார்கள். வேகத்தைச் சரியாக ஊகிப்பதுதான் கடினம், அது வல்லுநர்களின் வேலை. இந்த முறை 1921-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் முதன்முதலாகக் களத்தில் சோதிக்கப்பட்டது. கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டாலும் அடிப்படை அதேதான்.

களத்தில் இரண்டு பொருள்கள் தேவை: அதிர்வை உண்டாக்கும் ஒன்று, திரும்பி வருவதைக் கேட்கும் ஒன்று. உறுதியான தரையுள்ள இடங்களில், அடியில் கனத்த தகடு பொருத்திய லாரிகள் தகட்டைத் தரையில் அழுத்திச் சில வினாடிகள் அதிர வைக்கும். சேறும் வாய்க்காலுமான நெல்வயலில் அந்த லாரிகள் இறங்கினால் புதைந்துவிடும் என்பதால், அங்கே பல மீட்டர் ஆழத்துக்குக் குறுகலான துளையிட்டு, அடியில் சிறிதளவு வெடிமருந்து வைத்து, மேலே மூடி வெடிக்கச் செய்கிறார்கள். முக்காலி நட்டு, குழாயை மனித உழைப்பாலேயே சுழற்றி இறக்கும் குழுக்களும் உண்டு. ஆழத்தில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: பொலபொலப்பான மேல்மண் அதிர்வை விழுங்கிவிடும், அதற்குக் கீழே உள்ள இறுகிய மண் அதை நன்றாகக் கடத்தும்.

கேட்கும் கருவியின் பெயர் ஜியோஃபோன். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு குமிழும், அதன் அடியில் தரையில் குத்தி நிறுத்த ஓர் ஆணியும் கொண்டது அது. உள்ளே காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கின்றன. தரை அசையும்போது இரண்டும் ஒன்றுக்கொன்று நகர்ந்து மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது, அது பதிவாகிறது. இவற்றை ஒரே கோட்டில் கிலோமீட்டர் கணக்கில் நட்டால், கோட்டுக்கு நேர்கீழே நிலத்தைச் செங்குத்தாக வெட்டிப் பார்த்தது போன்ற படம் கிடைக்கும். இது இருபரிமாண ஆய்வு. கட்டம் கட்டமாக நட்டால் அந்தப் பரப்பு முழுவதன் கனவடிவம் கிடைக்கும். இது முப்பரிமாண ஆய்வு. முப்பரிமாண ஆய்வில் ஊரில் அநேகமாக எல்லாருடைய வயலையும் தொட வேண்டியிருப்பதால், அனுமதிச் சிக்கல்கள் அதில்தான் அதிகம்.

சுருக்கமாகச் சொன்னால், அதிர்வு போகிறது, திரும்புகிறது, நேரம் அளக்கப்படுகிறது, அதிலிருந்து பாறை அடுக்குகளின் வடிவம் வரையப்படுகிறது. தரைக்குள்ளிருந்து எதுவும் எடுக்கப்படுவதில்லை. எண்ணெய் இருக்கிறதா என்பதையும் இந்தப் படம் நேரடியாகச் சொல்வதில்லை. எண்ணெய் தேங்கத் தோதான மடிப்போ அடைப்போ இருக்கிறது என்று மட்டும் காட்டும். இருப்பது எண்ணெயா, உப்புநீரா என்பதைக் கிணறு தோண்டித்தான் அறிய முடியும்.

## இதனோடு சேர்த்துக் குழப்பப்படுபவை

நீரியல் விரிசல் வேறு. ஆழ்குழாய் வழியாக உயர் அழுத்தத்தில் நீரும் மணலும் வேதிப்பொருள்களும் செலுத்திப் பாறையை உடைத்து வாயுவை வெளிக்கொணரும் முறை அது. கிணறு தோண்டிய பிறகு நடப்பது. அதிர்வு ஆய்வைக் கண்டவுடன் 'விரிசல் போடுகிறார்கள்' என்று செய்தி பரவுவது தவறு. அதே நேரத்தில், 'இது வெறும் ஆய்வுதான், ஒன்றும் இல்லை' என்று வந்தவர்கள் தோளைக் குலுக்குவதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. யாரும் பொழுதுபோக்குக்காக இவ்வளவு பணம் செலவழித்து ஆய்வு செய்வதில்லை. முடிவு சாதகமாக இருந்தால் அடுத்து வருவது துளைப்பொறி.

ஆழ்துளைக் கிணறு போட இடம் பார்ப்பவர்கள் நான்கு கம்பிகளை நட்டு மின்சாரம் செலுத்திச் செய்யும் மின்தடை ஆய்வும் வேறு. அது பெரும்பாலும் சில நூறு மீட்டர் ஆழத்துக்குள் தண்ணீர் தேடுவது.

## அமெரிக்கக் கதையின் முழு வடிவம்

அமெரிக்காவில் கனிமம் தனியார் சொத்தாக இருக்க முடியும். அங்கே நிலத்தை விற்கும்போது, 'மேற்பரப்பை மட்டும் விற்கிறேன், கனிமத்தை நானே வைத்துக்கொள்கிறேன்' என்று பத்திரத்தில் எழுதலாம். அப்படி எழுதிவிட்டால் ஒரே நிலம் இரண்டு சொத்தாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியே வாரிசுகளுக்கும் வாங்குவோருக்கும் போய்க்கொண்டிருக்கும். 1916-ஆம் ஆண்டின் கால்நடைப் பண்ணைக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் மேற்கு மாநிலங்களில் குடியேறியவர்களுக்கு நிலத்தைக் கொடுத்த ஒன்றிய அரசு, கனிமத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆகவே அமெரிக்காவிலும் வீடும் வேலியும் தன் பெயரில் இருக்க, கீழே உள்ள எண்ணெயில் ஒரு சதமும் இல்லாத நிலத்துக்காரர்கள் ஏராளம். காணொளிகளில் இவர்கள் வருவதில்லை.

கனிம உரிமை கையில் உள்ளவர் அதை ஒரு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடும்போது முதலில் ஒரு கைத்தொகை பெறுகிறார். எண்ணெய் வந்தால் அதில் ஒரு பங்கு, அதாவது ராயல்டி, பெறுகிறார். எட்டில் ஒரு பங்கு என்பது நெடுங்காலம் அங்கே வழக்கமாக இருந்த அளவு. கனிம உரிமை பிரிந்துபோன நிலத்தில், டெக்சஸ் போன்ற மாநிலங்களில் கனிமத்துக்கு உடையவரின் கை ஓங்கியிருக்கிறது: கனிமத்தைத் தேடவும் எடுக்கவும் நியாயமான அளவுக்கு மேற்பரப்பைப் பயன்படுத்த அவருக்கு உரிமை உண்டு, மேற்பரப்புக்காரர் அதை முற்றாகத் தடுக்க முடியாது. அதிர்வு ஆய்வுக்கும் இது பொருந்தும். 1971-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், மேற்பரப்புக்காரர் ஏற்கெனவே நிலத்தைப் பயன்படுத்தி வரும் முறைக்குக் கனிமக்காரர் இடம் கொடுக்க வேண்டும், தொழிலில் வழக்கமான மாற்று வழி இருந்தால் அதைக் கைக்கொள்ள வேண்டும் என்று ஓரளவு கட்டுப்பாடு விதித்தது.

அங்கே ஆய்வு அனுமதிக்கு ஏக்கர் கணக்கில் தனியாகப் பணம் கொடுப்பதும் வழக்கம். ஒரே தாளில் 'ஆய்வு அனுமதி' என்ற தலைப்பில் தொடங்கி, 'ஆய்வு முடிந்தபின் இன்ன விலைக்கு இந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும் விருப்புரிமை நிறுவனத்துக்கு உண்டு' என்று கீழே ஒரு வரி சேர்ந்திருக்கலாம். மதிப்புப் போட வந்தவர் காய்க்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதற்குச் சமம் இது. அங்கே வழக்கறிஞர்கள் முதலில் தேடிப் பார்க்கும் வரியும் இதுவே.

## இந்தியாவில் கீழே இருப்பது யாருடையது

இதற்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது, எந்தக் கனிமம் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறுகிறது.

எண்ணெயும் எரிவாயுவும் 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டத்தின் கீழ் வருகின்றன. அரசின் உரிமமோ குத்தகையோ இல்லாமல் யாரும் அவற்றைத் தேடவோ எடுக்கவோ முடியாது. 2025-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, 'சுரங்கக் குத்தகை' என்றிருந்தது 'பெட்ரோலியக் குத்தகை' என்று மாற்றப்பட்டது. நிலப்பகுதியில் எடுக்கப்படும் எண்ணெய்க்கான ராயல்டி மாநில அரசுக்குச் செல்கிறது, பட்டாதாரருக்கு அதில் பங்கு இல்லை. கடலடியில் இருப்பவை அரசமைப்புச் சட்டத்தின் 297-ஆம் உறுப்பின்படி ஒன்றிய அரசுடையவை. கிருஷ்ணா-கோதாவரிப் படுகை எரிவாயு குறித்த 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், இத்தகைய இயற்கை வளங்களை மக்களுக்கான அறக்காவலராக அரசு வைத்திருக்கிறது என்ற கருத்தை வலியுறுத்தியது. நாகப்பட்டினம் மாவட்டம் நரிமணத்தில் எண்ணெய்க் கிணறு இருக்கும் வயலுக்கு உடையவர் டெக்சஸ்காரரைப் போல ராயல்டி காசோலையை எதிர்பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

எண்ணெய் அல்லாத மற்றக் கனிமங்களுக்கு 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம். கனிம எண்ணெய் இதன் வரையறையிலேயே சேர்வதில்லை. கல், கிராவல், மணல் போன்ற சிறு கனிமங்களுக்கு மாநில அரசுகளே விதி வகுக்கின்றன. தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டின் சிறு கனிமச் சலுகை விதிகள் இருக்கின்றன. சொந்தப் பட்டா நிலத்திலேயே கல் உடைக்க வேண்டுமானாலும் அனுமதி பெற்று சீனியரேஜ் (எடுக்கும் அளவுக்கு ஏற்ப அரசுக்குச் செலுத்தும் கட்டணம்) கட்ட வேண்டியிருப்பது இவற்றால்தான்.

'அப்படியானால் எல்லாம் அரசுடையது என்பது சரிதானே' என்று கேட்கத் தோன்றும். அந்த இடத்தில்தான் 2013-ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பை நினைவில் கொள்ள வேண்டும். கேரளத்தின் மலபார்ப் பகுதியில் ஜென்ம நில (பரம்பரையாக முழு உடைமையோடு வரும் நிலம்) உரிமையாளர்கள் தொடுத்த தெரசியம்மா ஜேக்கப் வழக்கில், எல்லாக் கனிமமும் அரசுக்கே என்று பொதுவாக அறிவிக்கும் சட்டம் எதுவும் நாட்டில் இல்லை என்றும், சட்டபூர்வமான ஒரு நடவடிக்கையால் பறிக்கப்பட்டிருந்தாலொழிய நிலத்தடியின் உரிமை சாதாரணமாக நிலத்தின் உரிமையைப் பின்தொடரும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் சுரங்கத் தொழிலை ஒழுங்குபடுத்துகிறதே தவிர, கனிமத்தின் உடைமையை அரசுக்கு மாற்றவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் எல்லாப் பட்டாவுக்கும் பொருந்தும் என்று பாய்ந்துவிடக் கூடாது. 'சட்டபூர்வமாகப் பறிக்கப்பட்டிருந்தாலொழிய' என்ற நிபந்தனைக்குள் ஒரு நூற்றாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழித்த 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, காடு, நீர்நிலை, தரிசு ஆகியவற்றோடு சுரங்கங்களையும் கனிமங்களையும் பெயர் சொல்லியே அரசுக்கு மாற்றியது. ஆக, முன்னாள் ஜமீன் கிராமத்து நிலத்துக்கும் மலபார் ஜென்ம நிலத்துக்கும் கேள்வி ஒன்றாக இருந்தாலும் பதில் ஒன்றாக இருக்காது. இன்னொன்றும் உண்டு: உடைமை இருப்பதும் எடுக்க முடிவதும் ஒன்றல்ல. கனிமம் தன்னுடையது என்று நிலைநாட்டியவரும் உரிமம் இல்லாமல் தோண்ட முடியாது.

ராயல்டி என்றால் என்ன என்பதையே நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், ராயல்டி வரி அல்ல, கனிம உரிமையை அனுபவிப்பதற்காகக் குத்தகை எடுத்தவர் குத்தகை கொடுத்தவருக்குத் தரும் ஒப்பந்தத் தொகை என்று தீர்ப்பளித்தது. காய்க்குக் கொடுக்கும் பணம், காயை விற்றவருக்குப் போகிறது. மேற்பரப்புக்கு மட்டும் உடையவருக்கு அது வராததன் தருக்கமும் இதுவே.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது: எண்ணெய், எரிவாயுவில் பட்டாதாரருக்கு ராயல்டி இல்லை. மற்றக் கனிமங்களில் உடைமைக் கேள்வி நிலத்தின் வரலாற்றைப் பொறுத்தது. எதுவானாலும் எடுக்க அரசின் உரிமம் வேண்டும்.

## கனிமத்தை ஏலம் விட்டால் நிலம் போய்விடுமா

2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில், அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்களை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கான ஒன்றிய அரசின் ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது. 'எங்கள் ஊரை ஏலம் விட்டுவிட்டார்கள்' என்ற கொதிப்பு எழுந்தது. சட்டப்படி ஏலம் போனது கனிம உரிமை, நிலமோ வீடோ அல்ல. மேற்பரப்பைப் பெற அந்த நிறுவனம் தனியாக வழி தேட வேண்டியிருந்திருக்கும். ஆனால் அந்தக் கொதிப்பை அறியாமை என்று தள்ளிவிடவும் முடியாது. தன் காலடியில் உள்ளதற்கு உரிமம் போகும் செய்தியை ஊர் செய்தித்தாளில் படித்து அறிந்துகொள்ளும் நிலையில், உரிமைகளைப் பிரித்துக் காட்டும் சட்ட நுணுக்கம் யாரையும் ஆற்றாது. சட்டப்பேரவை டிசம்பரில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

காவிரிப் படுகையில் வேறொரு சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2020-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் குறிப்பிட்ட சில வட்டாரங்களிலும் எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு போன்றவற்றுக்கான தேடல், துளையிடல், எடுத்தல் ஆகியவற்றைப் புதிதாகத் தொடங்கத் தடை விதிக்கிறது. 'தேடல்' என்ற சொல் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே நடந்துவந்த பணிகளை அது தொடுவதில்லை. புவியியல்படி அதே படுகையில் அமைந்திருந்தாலும் ராமநாதபுரம் மாவட்டம் அந்த மண்டலத்தில் இல்லை. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது என்பதால் தமிழ்நாட்டுச் சட்டம் அங்கே செல்லாது. ஆகவே ஒரு குழு வந்து நிற்கும்போது, வயல் எந்த வட்டாரத்தில் இருக்கிறது, உரிமம் எந்த ஆண்டுக்குரியது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் 'தடை இருக்கிறது' என்றோ 'இல்லை' என்றோ சொல்லிவிட முடியாது.

## எடுத்த படம் யாருக்குச் சொந்தம்

ஆய்வில் கிடைக்கும் தரவுதான் அதன் விளைபொருள். இந்தியாவில் அந்தத் தரவு அரசுடையது. 2017-இல் தொடங்கப்பட்ட தேசியத் தரவுக் களஞ்சியத்தில் அவை சேர்க்கப்படுகின்றன. அவற்றைப் பார்த்துத் தங்களுக்கு வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து ஏலத்துக்கு முன்வைக்க நிறுவனங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. அதுவரை சரியாகப் பார்க்கப்படாத படுகைகளைப் பார்க்க 2016-இல் தொடங்கிய தேசிய நில அதிர்வு ஆய்வுத் திட்டம் 48,000 கிலோமீட்டருக்கும் அதிகமான கோட்டு நீளத்துக்கு இருபரிமாண ஆய்வைத் திட்டமிட்டது. அந்தக் கோடு யாருடைய வயல் வழியாகச் சென்றதோ அவருக்கு முடிவைத் தெரிவிக்கும் வழக்கம் இல்லை. இன்று நடக்கும் ஆய்வின் பலனாகப் பல ஆண்டுகள் கழித்து, முற்றிலும் வேறொரு நிறுவனம் உரிமத்தோடு வந்து நிற்கலாம்.

## கையெழுத்துக் கேட்டு வரும்போது

கனிமத்தில் பங்கு இல்லை என்பதால் பட்டாதாரர் வெறும் பார்வையாளர் ஆகிவிடுவதில்லை. மேற்பரப்பு இன்னும் அவருடையது, அதற்கு நேரும் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. எண்ணெய் அல்லாத கனிமங்களில் இது சட்டத்தில் வெளிப்படையாகவே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஏ பிரிவு, உரிமம் பெற்றவர் நிலத்தில் நுழைந்து பணி செய்யலாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள்ளோ வீட்டைச் சேர்ந்த அடைப்புள்ள முற்றத்திலோ தோட்டத்திலோ குடியிருப்பவரின் சம்மதமில்லாமல் நுழைவதானால் குறைந்தது 7 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது. நேர்ந்த இழப்புக்கும் நேரக்கூடிய இழப்புக்கும் ஈடு கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த 7 நாள் பாதுகாப்பு வீட்டுக்கும் அதன் அடைப்புக்கும்தான், திறந்த வயலுக்கு அல்ல.

அந்தப் பிரிவில் இழப்பீடு பெறுபவர் என்று சொல்லப்படுபவர் நிலத்தின் உரிமையாளர் அல்லர், மேற்பரப்பை அனுபவத்தில் வைத்திருப்பவர். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாகக் குத்தகைக்கு உழுகிறவர்கள் மிகுந்த டெல்டாவில் இந்த வேறுபாடு அற்பமானதல்ல. மிதிபட்ட நாற்று உழுதவருடையது. எண்ணெய் நிறுவனங்களின் ஆய்வுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றாலும், அங்கேயும் பயிர் இழப்பீடு பேசப்படும்போது பட்டாவில் இருக்கும் பெயரையே பார்த்துப் பணம் போனால், உண்மையில் நட்டப்பட்டவர் வெளியே நிற்க நேரும். அடங்கலில், அதாவது கிராமத்தின் சாகுபடிப் பதிவேட்டில், சாகுபடி செய்பவரின் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்பதைக் குழு வருவதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்வது நல்லது.

வந்தவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, அவர்கள் யாருக்காக வந்திருக்கிறார்கள் என்பது. களத்தில் வேலை செய்வது பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனம், உரிமம் இருப்பது வேறொருவரிடம். உரிமத்தின் நகல், அதில் அடங்கும் பகுதி, முடியும் தேதி ஆகியவற்றைப் பார்க்கக் கேட்கலாம். வெடிமருந்து பயன்படுத்துவதானால் அதற்கு 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின் கீழ்த் தனி உரிமம் வேண்டும், அதையும் கேட்கலாம். கையெழுத்துப் போடும் தாளில் எந்தப் புல எண், எத்தனை துளை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கிணற்றிலிருந்தும் வீட்டிலிருந்தும் எவ்வளவு தள்ளி என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். 'தேவைப்படும் காலம் வரை', 'தொடர்புடைய பணிகளுக்கும்' என்பன போன்ற நீட்டிக்கக்கூடிய சொற்கள் இருந்தால் அவற்றை அடிக்கச் சொல்லலாம். ஆய்வுக்கான இசைவுத்தாளில் குத்தகை என்ற சொல்லுக்கு இடமே இல்லை.

வேலை முடிந்தபின் துளை சரியாக மூடப்பட்டதா என்பதே பலரும் கவனிக்காமல் விடுவது. துளையிடும்போது வெளியே வந்த சேற்றுக்குழம்பு வயலில் பரவிக் காய்ந்தால் அந்த இடத்தில் அடுத்த பயிர் பிடிக்கத் தாமதமாகலாம். அரைகுறையாக அடைத்த துளை மேல்நீரைக் கீழே இறக்கும் வழியாகவும், மாட்டின் கால் மாட்டிக்கொள்ளும் குழியாகவும் ஆகும். அதைவிட முக்கியமானது, வெடிக்காமல் போன மருந்து ஏதேனும் உள்ளே தங்கிவிட்டதா என்பது; எந்தத் துளையில் வெடித்தது, எதில் வெடிக்கவில்லை என்ற பதிவு குழுவிடம் இருக்கும், அதன் நகலை எழுத்தில் கேட்டு வாங்கலாம். கிணற்றின் நீர்மட்டத்தையும் சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல்களையும் குழு வருவதற்கு முன்பே தேதியோடு படம் எடுத்து வைத்தவருக்கு, பின்னால் இழப்பீட்டுப் பேச்சு நடக்கும்போது எது பழையது, எது புதியது என்று காட்ட வேறு சாட்சி தேட வேண்டியிருக்காது.